அளவு இன்ஜின்

சீல்காரர் என்றால்தான் பந்தயக்காரர்களுக்கு அவரைத் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள். பஸ் டிப்போவில், இன்ஜின் பிரிவில், முப்பத்தொரு வருஷம் வேலை. வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸோடு மல்லுக்கட்டிய மனுஷர் ஏழாவது நாளாவது வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டாமோ? மாட்டார். ஊருக்கு வெளியே, விமானம் வருவது நின்றுபோன பழைய ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே போய்விடுவார். "நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, இன்ஜினைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் சாப்பாட்டை மட்டும் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பந்தயம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெயித்தவன் தலையில் யாரும் பூமாரி பொழிவதில்லை. ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு பேக்கரிக்காரர், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற ஒருவர் என்று இருபது இருபத்திரண்டு பேர். அவரவர் வீட்டுக் கொல்லையில் இரும்புக் குழாயை வெட்டி, வெல்டிங் வைத்து, ஒரே ஒரு ஆள் உட்காரும்படி கார் கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் ஒரே இன்ஜின்: ஒரு காலத்தில் சரக்கு வேனில் வந்த சின்ன இன்ஜின். பெரிய இன்ஜின் போட்டவன் ஜெயித்தான் என்ற பேச்சே வரக்கூடாது, கை சுத்தமானவன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்குக் காவல்தான் நம் சீல்காரர். ஒவ்வொரு இன்ஜினையும் பிரிப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளப்பார். பதிவேட்டில் எண்களை எழுதுவார். மூடி, இரண்டு போல்ட்டுகளுக்குக் குறுக்கே கம்பி கோத்து, ஈயக் குண்டை வைத்துத் தன் எண் பொறித்த குறட்டால் அழுத்துவார். அதற்கப்புறம் அவரிடம் சொல்லாமல் அந்த ஈயத்தை யாராவது தொட்டால் வருஷம் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். சங்கத்துக்குத் தலைவர் பல் டாக்டர். அவர் ஒரு சனிக்கிழமை சீல்காரருக்குக் கடவாய்ப்பல் பிடுங்கினார், அதுவும் இலவசமாக. மறுநாள் காலையில் டாக்டரின் இன்ஜினில் பிஸ்டன் அளவு ஒரு நூல் கூட இருக்கிறது என்று, வீங்கின கன்னத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார் இவர். "பல்லு வேற, பிஸ்டன் வேற டாக்டர்" என்றாராம். டாக்டரே இதைப் பத்து பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட ஆள் என்று பெயர்.

அச்சக மெஷின்காரர் என்று சொன்னேனே, அவர்தான் சீல்காரருடைய தங்கையின் புருஷன். இவருக்கு மாப்பிள்ளை. வாய் ஓயாத மனுஷர். விரல் நகத்தில் எப்போதும் அச்சு மை. அவர் நுழைந்தால் கொட்டகையே கலகலத்துவிடும். காரில் உட்கார்ந்துவிட்டாலோ, வேறே ஆள். எட்டு வருஷத்தில் ஆறு தடவை சாம்பியன். அந்த ஆறில் ஐந்து முறை அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் கணக்கு வாத்தியார். "ஒரே இன்ஜின், ஒரே டயர். அந்தாளு கையில என்னமோ இருக்குப்பா" என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தங்கை ஒரு பந்தயம் விடாமல் வந்து, தகரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாவது வெயிலில் நின்று பார்ப்பாள். அவளுக்குக் குழந்தை குட்டி கிடையாது. உலகமே அந்த ஆள்தான்.

அந்த ஆள் போன வருஷம், அச்சகத்தில் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தேழு. சீல்காரர் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்து, தங்கைதான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் சங்கத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. பழைய வேன் இன்ஜினுக்குச் சாமான் கிடைப்பது அடியோடு நின்றுபோனது. புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு இன்ஜினே இல்லை. இப்போது கடையில் கிடைக்கிற ஒரு சின்னக் கார் இன்ஜினை அனுமதிக்கலாம் என்று முடிவானது. ஆனால் அது கொழுத்த இன்ஜின். அப்படியே விட்டால் பழைய இன்ஜின்காரர்கள் எல்லாம் பின்னால் நின்று புகையைத்தான் தின்ன வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. இன்ஜின் காற்றை இழுக்கிற வாயில் நடுவே ஓட்டை போட்ட ஒரு இரும்புத் தகட்டை வைத்துவிட்டால், மூச்சு குறையும், பலமும் குறையும். ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கேள்வி. பழைய இன்ஜின்களில் ஒன்றை அளவு இன்ஜின் என்று எடுத்துக்கொண்டு, காரை நின்ற இடத்திலேயே உருளை மேல் ஓட்டி, முள் காட்டுகிற பலத்தைக் குறித்து, புது இன்ஜினை அதற்குச் சமமாக வரும்வரை நெரிக்க வேண்டும். அந்த வேலை சீல்காரர் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்?

எதை அளவு இன்ஜினாக வைப்பது என்ற பேச்சு வந்தபோது டாக்டர் எழுந்தார். "நம்ம மெஷின்காரர் இன்ஜினையே வைப்போம். ஆறு தடவ ஜெயிச்ச இன்ஜின். இனிமே யார் ஓட்டினாலும் அவர் அளவுலதான் ஓட்டணும். அது அவருக்கு நாம செய்யற மரியாதை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சேதியைக் கேட்டு தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புருஷன் போனபிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது அன்றைக்குத்தான். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக் கொல்லைக் கொட்டகையைத் திறந்து, காரைத் தூசி தட்டி, டயருக்குக் காற்று அடித்து, அவளே கூட நின்று தள்ளி வண்டியில் ஏற்றிவிட்டாள்.

"அண்ணே, பாத்துப் பத்திரமா கொண்டு போ. கீறல் ஏதாச்சும் விழுந்துடப் போவுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் வாத்தியார் காரை உருளை மேல் ஏற்றினார்கள். முப்பத்தேழு குதிரைத்திறன். பேக்கரிக்காரருடையது முப்பத்தாறரை. டாக்டருடையது முப்பத்தேழு. பிறகு மாப்பிள்ளை கார். சீல்காரரே உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் முப்பத்தேழைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. நாற்பத்திரண்டில் போய் நின்றது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! என்னா கை அந்த மனுஷனுக்கு!" என்று டாக்டர் குதித்தார்.

சீல்காரர் இறங்கவே இல்லை. வளைவில் வண்டியை வளைக்கிற சாமர்த்தியம் உருளை மேல் ஏறுமா? உருளை மேல் உட்கார்ந்திருந்தது இவர்தானே, மாப்பிள்ளை இல்லையே! மறுபடி ஓட்டினார். மறுபடியும் நாற்பத்திரண்டு.

"இன்ஜினை ஒரு தடவ தொறந்து பாத்துடறேன் டாக்டர்."

"எதுக்கு? அதுலதான் உங்க சீலே இருக்கே!" என்றார் டாக்டர். உலகத்தில் அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்கிற நம்பிக்கை அவர் குரலில். சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

எல்லாரும் போனபிறகு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தான் அழுத்திய ஈயத்தை சீல்காரர் தன் கையாலேயே வெட்டினார். மேல் மூடியைக் கழற்றி கேம் ஷாஃப்டை வெளியே எடுத்தார். வால்வைத் தூக்குகிற அந்த மேடு ஒவ்வொன்றும் விதியில் சொன்னதைவிட ஒரு மில்லிக்கு மேல் உயரம். இன்ஜினின் தலைப்பாகத்தையும் கழற்றினார், அதன் அடியைச் சீவி மெலிதாக்கியிருந்தது. இரண்டுமே பலத்தை ஏற்றுகிற திருட்டு வேலை. நேற்று முந்தாநாள் செய்த வேலையும் இல்லை, பல வருஷத்து எண்ணெய்க் கறை படிந்து பழுப்பேறிக் கிடந்தது. வேலை என்னவோ படு சுத்தம். அச்சகத்தில் கடைசல் இயந்திரம் ஒன்று உண்டு என்பது இவருக்குத் தெரியாதா என்ன? நாலு தடவை அளந்தார். அளக்க அளக்கத் தப்பு தப்பாகவே இருந்தது.

சரி, திறந்து அளந்த பிறகுதானே சீல் வைப்பார், இது எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். தப்பவில்லை. இவர்தான் திறக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சொல்லிவிட்டு ரிப்பேருக்குப் பிரித்த இன்ஜினை மாப்பிள்ளை முழுக்கப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். "மச்சான், பிரிக்கறதுன்னா தாராளமா பிரிங்க. ஆனா நடுவுல இருக்கற கேஸ்கெட் கிழியும், கடையில வேற கேஸ்கெட் இல்ல. அப்புறம் ஞாயித்துக்கெழம நான் உங்க மடியில உக்காந்துதான் பந்தயம் பாக்கணும், பரவாயில்லயா?" என்றார். இவர் சிரித்துவிட்டார். "போ மாப்ள, உன்ன நம்பாம யாரை நம்பறது" என்று கம்பியைக் கோத்தார். பதிவேட்டில் எண்கள் எழுத வேண்டுமே, முன்னால் அளந்தபோது எழுதிய எண்களைப் பார்த்து அப்படியே எழுதினார். டாக்டருக்கு ஒரு நூல் மன்னிக்காத கை, மாப்பிள்ளைக்கு அளக்காமலே அஞ்சு எண் எழுதியது. அதற்கப்புறம் அந்தக் கார் நேர்ப்பாதையில் மற்றவர்களை உதறிவிட்டுப் போவதை எத்தனையோ முறை பார்த்தார். சத்தத்திலேயே வித்தியாசம் தெரிகிற காது அவருடையது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

பூசி மெழுக வழி இல்லாமல் இல்லை. தலைப்பாகத்தில் விரிசல் விட்டிருக்கிறது, இதை வைக்க முடியாது, வாத்தியார் இன்ஜினை அளவாக எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது கதை. தங்கைக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அதோடு போய்விடும். எழுதியும்விட்டார். மை காயவில்லை, வாத்தியார் தன் காரை எடுத்துப்போக வந்துவிட்டார். பிரித்த இன்ஜின் மேல் சீல்காரர் அவசரமாகச் சாக்கை இழுத்து மூடினார்.

வாத்தியார் ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனுஷர். மாப்பிள்ளை கார் பக்கத்தில் நின்று, அதன் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் இந்த வருஷத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன் சீல்காரரே."

"ஏன்?"

"நமக்கு வரல. எட்டு வருஷமா அவர் பின்னாடியே போயி, எங்க பிரேக் அடிக்கறாரு, எங்க திருப்பறாருன்னு நோட்டு போட்டு எழுதி எழுதிப் பாத்தேன். அதே மாதிரிதான் செஞ்சேன். வளைவுல ஒட்டிக்கிட்டே போவேன், நேர்ப்பாதையில அவர் போயிடுவாரு. ஒரே இன்ஜின்தானே? அப்போ கோளாறு என்கிட்டதான். வீட்டுல கேலி பண்றாங்க, ரெண்டாவது வாத்தியார்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் போனபிறகு சீல்காரர் எழுதிய வரியை அடித்தார். அடித்த காகிதத்தைக் கிழித்தும் போட்டார். விரிசல் என்று எழுதினால் புது இன்ஜினுக்கு நியாயம் கிடைத்துவிடும். இந்த மனுஷருக்கு? தனக்கு ஓட்டத் தெரியாது என்று நம்பிக்கொண்டே சாகட்டுமா? ஆனால் சொன்னால் தங்கை என்ன ஆவாள்?

அளவைச் சொல்ல வேண்டிய சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார், சத்தியமாக. அவள் காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் பந்தயச் சட்டையை மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சங்கத்துல மாட்டி வைக்கக் குடுக்கப் போறேன் அண்ணே. நல்லா இருக்குமில்ல?"

"ம்."

"என்னா ம்? மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு? டிப்போல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல பாப்பா. தல வலி."

ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை, ராட்சச இன்ஜினை ஒற்றைக் கையால் புரட்டுகிறவர், காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீடு திரும்பினார். கோழை! அவரே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டு நடந்தார்.

கூட்டம் டாக்டருடைய ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சுகளில். சுவரில் பெரிய பல் படம். முதல் பெஞ்சில் தங்கை, மடியில் மடித்த சட்டை. டாக்டர் அவளை வரவேற்று நாலு வார்த்தை பேசி, "சீல்காரர் இப்ப அளவைச் சொல்வாரு" என்று உட்கார்ந்தார்.

சீல்காரர் எழுந்தார். பதிவேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். தங்கை பக்கம் பார்க்கவில்லை.

"புது இன்ஜினுக்கு இருபத்தினாலரை மில்லி ஓட்டை. வாத்தியார் இன்ஜினை அளவா வச்சுப் பாத்தது. மெஷின்காரர் இன்ஜினை அளவா வைக்க முடியாது. அது விதிக்குள்ள இல்ல. கேம் மாத்தியிருக்கு. தலையைச் சீவியிருக்கு."

டாக்டர் புரியாமல் சிரித்தார். "அவர் போனப்புறம் யாராவது தொட்டுட்டாங்களா?"

"இல்ல. ஒம்பது வருஷமா அப்படித்தான் இருக்கு."

"உங்க சீல் இருந்துச்சே!"

"இருந்துச்சு. நான் தொறக்காமலே வச்சேன். இந்தப் பதிவேட்டுல அவர் இன்ஜினுக்கு இருக்கற எண்ணெல்லாம் நான் அளக்காம எழுதினது. என் தங்கச்சி புருஷன்னு விட்டுட்டேன். மத்த எல்லாருக்கும் ஒரு சட்டம், எங்க வீட்டுக்கு ஒரு சட்டம்னு நடந்துக்கிட்டேன். என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க."

வாத்தியார் மெதுவாக விரலை மடக்கி எண்ணினார். ஒன்று, இரண்டு, ஐந்து வரை போனார். "அப்போ நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை அது. ஆனால் சொன்னதும் அவர் உதடு கோணிக்கொண்டது. எழுந்து வெளியே போய்விட்டார்.

தங்கை கத்தவில்லை. சட்டையைப் பைக்குள் வைத்தாள். வாசலுக்குப் போகிற வழியில் அண்ணன் முன்னால் நின்றாள்.

"நேத்து வந்து காப்பி குடிச்சியே."

"பாப்பா..."

"அப்ப சொல்லியிருக்கலாமே. வீட்டுக்குள்ள நான் ஒருத்தி மட்டும் கேட்டிருப்பேனே. அடிச்சு அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன். இத்தன பேரு முன்னாடியா அண்ணே?"

அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் ஆறு வெற்றிகளையும் அடித்தார்கள். அவற்றில் ஐந்தை வாத்தியாருக்குக் கொடுக்க முன்வந்தார்கள். வாத்தியார், "செத்தவர்கிட்ட இருந்து புடுங்கி எனக்கு வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீங்களே இருங்க, உண்மையச் சொன்னவரு" என்று டாக்டர் எவ்வளவோ கெஞ்சியும் சீல்காரர் சீல் வைக்கிற குறட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது மூன்று பேர் சேர்ந்து நின்றுதான் சீல் வைக்கிறார்கள். புது இன்ஜினும் பழைய இன்ஜினும் முதல் பந்தயத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன என்றும், அப்படியொரு நியாயமான பந்தயத்தை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்றும் பேக்கரிக்காரர் வீடு தேடி வந்து சொன்னார். வாத்தியார் நிறுத்தவில்லை, ஓட்டினார். எட்டாவதாக வந்தாராம். முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்றால் கதையே வேறே என்று எல்லாரும் பேசிக்கொண்டார்களாம். சீல்காரர் அதைக் கேட்டுவிட்டு உள்ளே எழுந்து போனார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தங்கை மூன்று மாதமாக அவரிடம் பேசவில்லை. வாராவாரம் போவார். கதவு சாத்தியிருக்கும். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். நாலாவது மாதம், ஒரு காலை வேளையில், கதவு திறந்தது. அவள் இளைத்துக் கருத்திருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட."

"கேளு பாப்பா."

"ஒம்பது வருஷம் முன்னாடி நீ அத தொறந்து பாத்திருந்தா அவரு என்ன செஞ்சிருப்பாரு?"

சீல்காரர் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. மாப்பிள்ளையை அவருக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரியும்.

"திட்டியிருப்பான். மச்சானாம் மச்சான்னு கத்தியிருப்பான். ரெண்டு நாள் என்கூட பேசாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பான். அப்புறம் அவனே வந்து, சரி மச்சான், பழைய கேமையே போட்டுடறேன்னு இளிச்சிருப்பான்."

"அப்புறம் ஓட்டியிருப்பாரு."

"ஓட்டியிருப்பான். ஒண்ணு ரெண்டு தடவ ஜெயிச்சும் இருப்பான். நல்லாத்தான் ஓட்டுவான் அவன்."

தங்கை தலையை ஆட்டினாள். கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ரெண்டு நாள்தானே அண்ணே," என்றாள். "ரெண்டு நாள் அவரு உன்கூட பேசாம இருந்திருந்தா உனக்கு என்ன ஆயிருக்கும்?"

கேட்டுவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.